அவரிடம் கேட்டீர்களா?

“அவருகிட்ட மட்டும் சொல்லீராதீங்க சிஸ்டர்.” புற்றுநோய் முற்றிய ஒருவரைப் பார்க்கப் போகும் வீடுகளில், நான் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே வாசலில் வைத்துச் சொல்லிவிடுவார்கள். மனைவி சொல்வார், மகன் சொல்வான், சில வீடுகளில் மருமகள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொல்வாள். உள்ளே போய் உட்கார்ந்தால், படுத்திருப்பவர் வீட்டாரை டீ வாங்கிவர அனுப்பிவிட்டு மெதுவாகக் கேட்பார்: “முத்திப்போச்சுங்களா? இவங்களுக்குத் தெரியாமப் பாத்துக்கங்க. தாங்க மாட்டாங்க.”

திருப்பூரை ஒட்டிய வட்டாரம் ஒன்றில் நோய் ஆதரவு சிகிச்சைச் செவிலியராக இருக்கிறேன். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்றால் சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் வீடு தேடி வரும் மாத்திரைதான் பலருக்கு நினைவு வரும். படுத்த படுக்கையாகிவிட்டவர்களை வீட்டிலேயே போய்ப் பார்க்கும் செவிலியர்களும் இயன்முறை மருத்துவர்களும் அதே திட்டத்தில் உண்டு. படுக்கைப் புண்ணுக்குக் கட்டுப்போடுவேன், சிறுநீர்க் குழாய் மாற்றுவேன், வலி மாத்திரைக்கு நேரம் எழுதிக் கொடுப்பேன். இதற்கெல்லாம் பயிற்சி கொடுத்தார்கள். வாசலில் ஒரு ரகசியத்தையும் கட்டிலில் அதே ரகசியத்தையும் வாங்கிக்கொண்டு நடுவில் நிற்பதற்கு வீடுகள்தான் பயிற்சி கொடுத்தன.

இது நம் ஊர் வழக்கம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். 1960களில் கிளேசர், ஸ்ட்ராஸ் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ பகுதி மருத்துவமனைகளில் மாதக்கணக்கில் உட்கார்ந்து, சாகப்போகிறவரைச் சுற்றி யாருக்கு என்ன தெரியும், யார் என்ன பேசுகிறார்கள் என்று கவனித்தார்கள். 1965ல் அது புத்தகமாக வந்தது. நோயாளிக்கு ஒன்றுமே தெரியாத நிலை, அவருக்குச் சந்தேகம் வந்துவிட்ட நிலை, எல்லாருக்கும் தெரிந்தும் தெரியாததுபோல் நடிக்கும் நிலை, ஒளிவுமறைவு இல்லாமல் பேசும் நிலை என்று நான்காகப் பிரித்தார்கள். நான் போகும் வீடுகளில் பெரும்பாலானவை மூன்றாவதில் நிற்கின்றன. அந்த நடிப்பு அன்பினால் வருவது. ஆனால் அதற்காகச் செலவாவது, சாகிறவருக்கு மிச்சமிருக்கும் கொஞ்ச நாட்கள்.

அனுப்பர்பாளையம் பக்கம் ஒரு லைன் வீட்டில் கட்டிங் மாஸ்டர் ஒருவர் இருந்தார். ஈரலில் புற்று. வயிறு நீர்கோத்து உப்பியிருந்தது, கண் மஞ்சள். கத்திரி பிடித்துக் காய்த்துப்போன பெருவிரல் மட்டும் பழைய கனத்தோடு இருந்தது. ஆடி மாதம். என்னிடம் கேட்டார், “தீவாளி போனஸ் பட்டுவாடாவுக்கு நான் இருப்பனுங்களா சிஸ்டர்?” திருப்பூரில் ஒரு வருஷம் என்பது போனஸிலிருந்து போனஸ் வரைக்கும். அவர் கேட்டது சம்பளக் கணக்கை இல்லை என்று இருவருக்கும் தெரியும்.

இந்த இடத்தில் “அதெல்லாம் நல்லா இருப்பீங்க” என்று சொல்லிவிட்டு எழுந்துவிடலாம். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது வேறு. நோயாளிக்கு ஏற்கெனவே என்ன தெரியும், இன்னும் எவ்வளவு தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறார் என்று முதலில் கேட்க வேண்டும். “உங்களுக்கு என்னங்கண்ணா தோணுது?” என்றேன்.

“இருக்க மாட்டேன்னுதான் தோணுது. ஒரு ஏலச்சீட்டு ஓடுது. நாலு பேத்துக்குக் கைமாத்துக் குடுத்திருக்கறன். அதெல்லாம் இவளுக்குத் தெரியாது. சொன்னாச் சாவைப் பேசற மாதிரி ஆயிருமேன்னு பாக்கறன்.”

அவர் சம்மதத்தோடு மனைவியைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். அந்த அம்மா முதலில் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதார். பிறகு மகனின் பள்ளிக்கூட நோட்டை எடுத்துவந்து கடைசிப் பக்கத்தைத் திறந்தார். பேர், தொகை, எந்தக் கம்பெனியில் வேலை, எந்தச் சனிக்கிழமை சம்பளத்தில் தருவதாகச் சொன்னான் என்று அவர் சொல்லச் சொல்ல எழுதினார். இடையில் ஒரு பெயருக்கு நேராக, “இவன்கிட்டக் கேக்காத, அவனே செரமத்துல இருக்கான்” என்றார் மாஸ்டர். கணக்கு முடிந்ததும் ரசம் சோறு கேட்டார். அன்று ராத்திரி எழுந்து உட்காராமல் தூங்கினார் என்று அடுத்த முறை போனபோது அந்த அம்மா சொன்னார். மாத்திரையின் அளவை நாங்கள் கூட்டியிருக்கவில்லை.

இதை லண்டனில் ஒருவர் பல வருஷம் முன்பே கண்டுகொண்டார். சிசிலி சாண்டர்ஸ் செவிலியராகத் தொடங்கி, மருத்துவமனைச் சமூகப் பணியாளராகி, பிறகு படித்து டாக்டரானவர். 1967ல் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் என்ற இல்லத்தைத் தொடங்கினார். இன்று உலகம் முழுக்க நடக்கும் நோய் ஆதரவு சிகிச்சைக்கு அதுதான் தாய்வீடு. சாகப்போகிறவரின் வலியில் உடம்பின் வலி, மனக்கலக்கம், குடும்பமும் பணமும் பற்றிய கவலை, ‘எனக்கு ஏன் இப்படி’ என்ற கேள்வி எல்லாம் பின்னிக்கிடக்கின்றன, ஒன்றை விட்டுவிட்டு இன்னொன்றைத் தணிக்க முடியாது என்பது அவர் சொன்னது. செவிலியராக இருந்து வந்ததால்தான் அது அவர் கண்ணில் பட்டது என்று நான் நம்புகிறேன். ராத்திரி மூன்று மணிக்கு நோயாளி யாரிடம் பேசுகிறார்?

உடம்பின் வலிக்கு மார்ஃபின் இருக்கிறது. அந்தப் பெயரைக் கேட்டதும் வீட்டில் பாதிப்பேர் முகம் சுருங்கும். “போதை மருந்துங்களே, பழகிப்போயிருமே” என்பார்கள். “அது குடுத்தா சீக்கிரம் போயிருவாங்களாமா” என்றும் கேட்பார்கள். வலியின் அளவுக்குத் தக்கபடி கொஞ்சமாகத் தொடங்கி, பார்த்துப் பார்த்து ஏற்றினால் மார்ஃபின் சாவை முன்னே இழுத்துவருவதில்லை. சாதாரண மாத்திரை நான்கு மணி நேரம் வேலை செய்யும். அதனால் வலி வந்த பிறகு போடாமல் கடிகாரம் பார்த்துப் போட வேண்டும். மலச்சிக்கல் அநேகமாக வரும், அதற்கான மருந்தையும் கூடவே கொடுக்க வேண்டும். 1985ல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கெடுபிடியில் பல மருத்துவமனைகள் மார்ஃபின் வைத்திருப்பதையே விட்டுவிட்டன. 2014ல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி வழியை எளிதாக்கியது. அந்தத் திருத்தத்துக்காகப் பல வருஷம் போராடியவர்களில் முக்கியமானவர் கேரளத்தின் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால். 1993ல் கோழிக்கோட்டில் அவரும் நண்பர்களும் தொடங்கிய அமைப்பிலிருந்துதான், அக்கம்பக்கத்தாரே பயிற்சி பெற்று நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் முறை கேரளம் முழுக்கப் பரவியது. பாலக்காட்டைத் தாண்டினால் இருக்கும் ஒன்று நம் பக்கம் அவ்வளவாக வரவில்லையே என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

கடைசி நாட்களில் என்ன நடக்கும் என்று யாராவது முன்கூட்டிச் சொல்லியிருந்தால், பல வீடுகளில் பாதிப் பதற்றம் குறைந்திருக்கும். சாப்பாடு நின்றுபோகும். உடம்பு அணையும்போது அதற்குச் சோறு வேண்டியிருப்பதில்லை. “பட்டினியாச் சாகறாங்களே” என்று கஞ்சியை ஊட்டினால் அது நுரையீரலுக்குள் போய்த் திணறடிக்கும். கடைசிப் பால் ஊற்ற வேண்டும் என்பவர்களிடம் நான் தடுத்துப் பேசுவதில்லை. விரலைப் பாலில் நனைத்து உதட்டில் தடவுங்கள், சங்கில் ஊற்ற வேண்டாம் என்பேன். தொண்டையில் கடகடவென்று சத்தம் வரும். விழுங்க முடியாமல் எச்சில் தேங்குவதால் வருவது அது. ஒருக்களித்துப் படுக்கவைத்தால் குறையும். நினைவு தப்பியவருக்கு அதனால் பெரிய வேதனை இல்லை என்றே மருத்துவர்கள் கருதுகிறார்கள், கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்குத்தான் வேதனை.

செத்துப்போனவர்கள் வந்து கூப்பிடுவதாகச் சொல்வார்கள். “எங்கம்மா கதவோரம் நிக்கறாங்க” என்றார் ஒரு பாட்டி. வீட்டார் பயந்து திருநீறு பூசினார்கள், பாட்டியின் முகத்தில் பயமே இல்லை. அமெரிக்காவில் பஃபலோ நகரத்து இல்லம் ஒன்றில் கிறிஸ்டோபர் கெர் என்ற டாக்டரும் அவர் குழுவினரும் 59 நோயாளிகளிடம் நாள்தோறும் கேட்டு எழுதி, 2014ல் வெளியிட்டார்கள். பெரும்பாலானவர்களுக்கு இப்படிக் கனவோ காட்சியோ வந்திருந்தது. இறந்தவர்கள் வந்த கனவுகளே அதிக ஆறுதலைக் கொடுத்தன. மரணம் நெருங்க நெருங்க அவை கூடின. காரணம் எதுவாகவும் இருக்கட்டும், மருந்து கொடுத்து அடக்க வேண்டிய பிதற்றல் அது இல்லை. “அம்மா என்ன சொல்றாங்க பாட்டி?” என்று கேட்டால் போதும்.

கடைசியாகப் போவது காது என்று நம் பாட்டிகள் சொல்வது வழக்கம். கனடாவின் வான்கூவரில் நினைவு தப்பிய நிலையில் இருந்த நோயாளிகளின் மூளை அலைகளைப் பதிவுசெய்து 2020ல் வெளியிட்ட ஆய்வில், சிலரின் மூளை ஒலிகளுக்கு நல்ல உடல்நிலையில் இருப்பவர்களைப் போலவே எதிர்வினை காட்டியது. ஆகவே கட்டில் பக்கத்தில் நின்று சொத்துத் தகராறு பேச வேண்டாம். சொல்ல வேண்டியதை அப்போதும் சொல்லலாம்.

எல்லாருக்கும் வீட்டில் சாகும் வசதி இல்லை. நாட்டின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கும் மேல் போகிற இந்த ஊரில் பெருங்கூட்டம் வாடகை வீட்டில் இருக்கிறது. மதுரை, தேனி, திண்டுக்கல், தருமபுரி என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள். ஒரு அறை, ஒரு சமையல் மூலை, வரிசைக்குப் பொதுவாக ஒரு கக்கூஸ். பொணத்தை இங்கே வைக்கக் கூடாது என்று சொல்லும் வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். அடுத்து குடிவருகிறவர்கள் யோசிப்பார்களாம். அதனால் நோய் முற்றியதும் குடும்பம் எடுக்க வேண்டிய முதல் முடிவு சிகிச்சையைப் பற்றியதாக இருப்பதில்லை. எப்போது ஊருக்குக் கொண்டுபோவது? பிள்ளைக்குப் பரீட்சை, மனைவிக்கு ஷிப்ட். காலை எட்டரைக்குப் போனால் இரவு எட்டரைக்கு வரும் ஒன்றரை ஷிப்ட் வாழ்க்கையில், பக்கத்தில் உட்கார்ந்திருக்க ஆள் கிடைப்பதே அரிது.

இன்னொரு பக்கம் ஐசியூ. நகையை வைத்து வென்டிலேட்டரில் போட்டு, பணம் தீர்ந்ததும் கையெழுத்துப் போட்டுக் கூட்டிவருவார்கள். ஆம்புலன்ஸில் ஒருவர் ஆம்பு பையை அமுக்கிக்கொண்டே வருவார், வாசலைத் தாண்டியதும் நிறுத்திவிடுவார். அப்படிக் கையெழுத்துப் போட்ட ஒரு மகன் ரொம்ப நாள் கழித்து என்னிடம் கேட்டான், “நான்தானக்கா எங்கப்பாவக் கொன்னுட்டேன்?” அப்பா என்ன விரும்பினார் என்று யாருக்கும் தெரியாது. யாரும் கேட்டதில்லை.

கேட்காமல் முடிவெடுப்பதன் கொடிய வடிவமும் நம் மாநிலத்தில் இருந்திருக்கிறது. விருதுநகர், மதுரைப் பக்கம் தலைக்கூத்தல் என்பார்கள். படுத்துவிட்ட முதியவருக்கு விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளிர்ந்த நீரில் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து முடித்துவிடுவது. பிரியா கிருஷ்ணசாமி இயக்கிய ‘பாரம்’ படம் இதைத்தான் எடுத்துப் பேசியது, 2018ஆம் ஆண்டுக்கான சிறந்த தமிழ்ப் படம் என்ற தேசிய விருதும் பெற்றது. அந்த வழக்கத்தைக் கருணை என்று சொல்கிறவர்களை எனக்குத் தெரியும். அந்தப் பெரியவரிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா என்பதுதான் அவர்களுக்கு என் பதில்.

சட்டம் இந்தக் கேள்விக்கு ஒரு செவிலியரின் படுக்கை வழியாக வந்து சேர்ந்தது. மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் பணியாற்றிய அருணா ஷான்பாக் 1973 நவம்பர் 27 அன்று அங்கேயே தாக்கப்பட்டு, மூளை பாதிக்கப்பட்டு, கிட்டத்தட்ட 42 வருஷம் அதே மருத்துவமனையில் படுத்திருந்தார். உணவை நிறுத்தி அவரைப் போகவிட வேண்டும் என்று எழுத்தாளர் பிங்கி விரானி உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அருணாவைப் பார்த்துக்கொண்ட செவிலியர்கள் கூடாது என்றார்கள். 2011 மார்ச் 7 அன்று நீதிமன்றம் விரானியின் மனுவை ஏற்கவில்லை. ஆனால் மீள வழியில்லாதவருக்கு உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்துவதை, உயர் நீதிமன்றத்தின் அனுமதியோடு செய்யலாம் என்றது. அருணா 2015 மே 18 அன்று நிமோனியாவில் இறந்தார். அத்தனை வருஷத்தில் அவர் உடம்பில் ஒரு படுக்கைப் புண் வரவில்லை என்பார்கள். படுக்கைப் புண்ணுக்குக் கட்டுப்போடுகிறவள் நான், அந்த வார்த்தையின் எடை எனக்குத் தெரியும்.

2018 மார்ச் 9 அன்று, ‘காமன் காஸ்’ அமைப்பு தொடுத்த வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு, கண்ணியத்தோடு சாவதும் வாழும் உரிமையில் அடங்கும் என்றது. மீள முடியாத நிலை வந்தால் எனக்கு இன்ன சிகிச்சை வேண்டாம் என்று நினைவு தெளிவாக இருக்கும்போதே எழுதிவைக்கலாம். ‘லிவிங் வில்’ என்று பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். முதலில் அதற்கு மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டியிருந்தது. 2023 ஜனவரி 24 அன்று அதை எளிதாக்கிவிட்டார்கள். பதினெட்டு வயது நிரம்பிய யாரும், இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ கெசட்டட் அதிகாரியிடமோ சான்று வாங்கினால் போதும். நம்மால் பேச முடியாதபோது நமக்காக முடிவெடுக்கப்போகிறவர்களின் பெயரை அதில் எழுத வேண்டும். நேரம் வரும்போது, சிகிச்சை தரும் டாக்டரும் அனுபவமுள்ள வேறு இரண்டு டாக்டர்களும் பார்த்து, முடிந்தவரை 48 மணி நேரத்துக்குள் கருத்துச் சொல்வார்கள். இன்னொரு மருத்துவக் குழு அதைச் சரிபார்க்கும். எழுதிவைக்காதவர்களுக்கும் குடும்பத்தின் சம்மதத்தோடு இதே வழி உண்டு. ஊசி போட்டுச் சாகடிப்பது வேறு, அது இன்றும் குற்றம். கர்நாடக அரசு இந்தத் தீர்ப்பை நடைமுறைப்படுத்தி 2025 ஜனவரி 30 அன்று உத்தரவு போட்டது.

காகிதத்தைவிட அதை எழுதுவதற்காக நடக்கும் பேச்சுதான் எனக்குப் பெரிது. ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் 80 வயதும் அதற்கு மேலும் உள்ள 309 நோயாளிகளை வைத்து நடத்திய ஆய்வு 2010ல் வெளியானது. ஒரு பகுதியினரிடம் மட்டும் கடைசிக்கால விருப்பத்தைப் பற்றி உட்கார்ந்து பேசினார்கள். இறந்தவர்களின் குடும்பங்களைப் பிறகு பார்த்தபோது, பேச்சு நடந்த குடும்பங்களில் மன அழுத்தமும் பதற்றமும் தெளிவாகக் குறைவு. கையெழுத்துப் போட்ட அந்த மகனை நினைத்துக்கொள்கிறேன்.

துக்கத்துக்கு ஐந்து படிகள் என்று எங்கோ படித்துவிட்டு, “நான் இன்னும் கோபத்துலயே நிக்கறனுங்களே” என்று கவலைப்படுகிறவர்கள் உண்டு. எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969ல் எழுதியது, சாகப்போகிறவர்களிடம் பேசி அறிந்ததை. பின்னாளில்தான் அது இழந்தவர்களுக்கும் பொருத்தப்பட்டது. எல்லாரும் அந்த வரிசையில் போவதில்லை. 1999ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் ஸ்ட்ரோபே, ஷுட் இருவரும் சொன்னது எனக்கு நெருக்கமாகப் படுகிறது. துக்கப்படுகிற மனம் ஒரு நேரம் இழப்புக்குள் மூழ்கும், ஒரு நேரம் அடுத்த வேலையைப் பார்க்கப் போகும், இரண்டுக்கும் இடையே போய்ப்போய் வரும்.

கணவனின் கருமாதி முடிந்த மறுநாளே பவர் டேபிளுக்குப் போன ஒரு பெண்ணை அவள் குடியிருந்த காம்பவுண்டே பேசியது. கல்நெஞ்சு என்றார்கள். அவள் என்னிடம் சொன்னாள்: “மிசின் சத்தத்துல ஒண்ணும் கேக்காதுங்க. அதுல உக்காந்தாத்தான் நான் அழுகறேன்.” ஓவர்லாக்கில் துணியைத் தள்ளிக்கொண்டே அழுதுவிட்டு, டீ டைமில் முகம் கழுவிக்கொண்டு வருவாளாம்.

அதே காம்பவுண்டு வரிசையில் ஒடிசாவிலிருந்து வந்து செக்கிங்கில் வேலை பார்க்கும் பையன் ஒருவன். அம்மாவின் தகனத்தைப் போனில் பார்த்தான். ரயிலேறினாலும் நேரத்துக்குப் போய்ச்சேர முடியாது. எதிர் அறையில் நான் பார்க்க வந்திருந்த நோயாளி, நடக்க முடியாத ஒரு ஆத்தா, அவனைக் கைகாட்டிக் கூப்பிட்டுக் கட்டிலில் உட்காரவைத்தார். இருவருக்கும் பொதுவாக ஒரு பாஷை இல்லை. அவன் போனைக் காட்டினான், ஆத்தா பார்த்தார், “உங்கம்மா லட்சணமா இருக்கறா சாமி” என்றார். துக்கம் விசாரிக்க ஆளே வராத துக்கங்களைப் பற்றி கென்னத் டோகா என்ற அமெரிக்கர் 1989ல் எழுதினார். திருப்பூரின் விடுதி அறைகளில் அப்படிப்பட்டவை நிறையக் கிடக்கின்றன. பக்கத்து அறைக்காரர்கள் போய் உட்கார வேண்டும், மொழி தெரியாவிட்டாலும்.

அழுகை நீள்வது நோய் இல்லை. மாதங்கள் போயும் வேலை, சாப்பாடு, பிள்ளை எதுவும் பிடிக்காமல், போனவரை நினைத்த ஏக்கத்திலேயே நாள் முழுக்கக் கழிந்தால் கவனிக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் ஆறு மாதத்துக்கு மேல் நீடிப்பதைச் சொல்கிறது, அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டின் 2022ஆம் ஆண்டுப் பதிப்பு பெரியவர்களுக்கு ஒரு வருஷம் என்கிறது. செத்துவிடலாம் என்று தோன்றினால் கெடு பார்க்கக் கூடாது. டெலி மானஸ் எண் 14416, எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.

ஊருக்கெல்லாம் கேட்கச் சொல்கிறவள், என் அம்மாவிடமும் கேட்டேன். பனியன் கம்பெனியில் பீஸ் அடுக்கிக் கட்டியே எங்களைப் படிக்கவைத்தவர், இப்போது எழுபதைத் தாண்டிவிட்டார். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு, தம்பியும் இருக்கும்போது பேச்சை எடுத்தேன். தம்பிக்குப் பிடிக்கவில்லை, “இப்ப எதுக்குக்கா இது” என்றான். அம்மா அவனை அடக்கிவிட்டுச் சொன்னார்:

“பேரன் கல்யாணம் முடியற வரைக்கும் எந்த மிசின்ல வேணும்னாலும் போடுங்க, பொழைக்கவைங்க. அதுக்கப்பறம் மூக்குல கொழாய் வேண்டாம். வலிக்கு மட்டும் குடுங்க. எங்க ஊட்லயே இருக்கோணும். முடிவ நீ எடு. இவன் வேண்டாம், இவன் பயந்துருவான்.”

தம்பி அழுதான். கொஞ்ச நேரம் கழித்து, “அக்கா கூட என் பேரையும் போடுங்கம்மா” என்றான். அம்மா சம்மதித்தார். அவர் சொன்ன சொல்லிலேயே எழுதி, இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்து வாங்கி, நோட்டரியிடம் சான்றும் வாங்கியாகிவிட்டது. எப்போது வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம் என்று தீர்ப்பில் இருப்பதைச் சொன்னேன். பேரன் கல்யாணம் வரும் தை மாதம், அது முடிந்ததும் மறுபடி உட்கார்ந்து பேசுவதாக இருக்கிறோம்.